பழைய 'ணை'யை பென் டூலில் வரையணும்: 312 நோடு, கத்தி கிழிக்குது

இலைநரம்பு | திங்கள் இரவு 9:40

வணக்கம். ஸ்டிக்கர் கட்டிங், ஃப்ளெக்ஸ் டிசைன் பண்ற சின்னக் கடையில் எட்டு மாசமா வேலை பார்க்கிறேன். வரையறதுக்கு கடையில் கோரல்டிரா, வீட்டில் என் லேப்டாப்பில் இங்க்ஸ்கேப்.

போன வாரம் ஒரு நாற்றுப்பண்ணைக்காரர் வந்தார். கேட்டுக்கு மேல ஒட்ட 'பண்ணை'ன்னு ஒரே ஒரு வார்த்தை, ரெண்டடி அகலம், பச்சை வினைல். அரை மணி நேர வேலைன்னு நினைச்சேன். அப்புறம் போனில் ஒரு போட்டோ காட்டினார். அவங்க தாத்தா காலத்து தகர போர்டு. அதில் 'ணை' நாம இப்ப எழுதுற மாதிரி இல்லை. ஐகாரம் தனியா நிக்காம, யானைத் தும்பிக்கை மாதிரி எழுத்தோடயே ஒட்டிக்கிட்டு இருக்கும்ல, அது. "இதே எழுத்துதான் வேணும் தம்பி"ன்னுட்டுப் போயிட்டார். கடையில் இருக்கிற ஒரு ஃபான்ட்டிலும் அந்த வடிவம் இல்லை.

போட்டோவைப் போட்டு, மென்பொருளே ஓரத்தைப் பார்த்துக் கோடு போடட்டும்னு ட்ரேஸ் பண்ணேன். திரையில் பார்க்கப் பரவாயில்லை. நோடு டூலில் தேர்ந்தெடுத்தா கீழே 312 நோடுன்னு (கோட்டைத் தாங்கிப் பிடிக்கிற புள்ளி) காட்டுது, அந்த ஒரு எழுத்துக்கு மட்டும்! வினைல் வெட்டுற மெஷின் ப்ளாட்டரில் விட்டேன். சுழி வரும்போதெல்லாம் கத்தி நடுங்கி நடுங்கிப் போச்சு. உரிக்கும்போது எழுத்தும் சேர்ந்து கிழிஞ்சு வந்துடுச்சு.

சரி, பென் டூலில் நானே வரையலாம்னு உட்கார்ந்தேன். சொடுக்கி இழுத்தா ஏதோ ஒரு வளைவு வருது, நான் நினைச்ச வளைவு வரமாட்டேங்குது. சுழி எல்லாம் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு. சரிபண்ண நடுவுல ஒரு நோடு சேர்த்தா இன்னும் மோசம். வெள்ளிக்கிழமை கொடுக்கணும். எங்க தப்பு பண்றேன்?

ஆட்டோபைலட் | 9:58

ப்ரோ, ட்ரேஸ் பண்ணிட்டு கன்ட்ரோல் எல் அடிங்க. சிம்ப்ளிஃபை. நோடு எல்லாம் தானா குறைஞ்சிடும். இதுக்குப் போய் பென் டூலா?

இலைநரம்பு | 10:05

அடிச்சேன் ப்ரோ. முதல் தடவை 140. மூணாவது தடவை 48. ஆனா 48-க்கு வரும்போது மூலை எல்லாம் மழுங்கி, தண்ணியில் கிடந்த சோப்பு மாதிரி ஆயிடுச்சு. தும்பிக்கை நுனி காணாமலே போச்சு.

மூணுசுழி | 10:31

எழுத்துரு வரையறது என் பிழைப்பு, அதனால கொஞ்சம் நீட்டி எழுதுறேன், பொறுத்துக்கங்க.

உங்ககிட்ட ரெண்டு கோளாறு இருக்கு. ட்ரேஸ் ஏன் 312 கொடுத்ததுங்கறது ஒண்ணு. துருப்பிடிச்ச தகரம், பெயின்ட் உரிஞ்ச ஓரம், போன் கேமரா. ட்ரேஸ் அந்த ஓரத்தை அப்படியே நம்பும். பெயின்ட் உரிஞ்ச பள்ளமும் எழுத்தோட வளைவும் அதுக்கு ஒண்ணுதான். சிம்ப்ளிஃபை அடிச்சா அழுக்கையும் மூலையையும் சேர்த்தே வழிச்சு எடுத்துடும். இலை, பூ, மரம்னா அது போதும், யாரும் கவனிக்க மாட்டாங்க. எழுத்தை ஊரே தினமும் பார்க்குது, ஒரு நூல் பிசகினாலும் கண்ணு கண்டுபிடிச்சிடும்.

கையால வரைஞ்சா உருளைக்கிழங்கு வர்றது இன்னொண்ணு. நீங்க நோடை எங்கே வைக்கிறீங்கன்னு எழுதலை, ஆனா ஊகிக்க முடியுது. வளைவு பயமுறுத்துற இடத்தில் எல்லாம் ஒண்ணு வைக்கிறீங்க. ஆரம்பத்தில் எல்லாரும் அப்படித்தான்.

நோடு வைக்க வேண்டிய இடம் வளைவோட உச்சி. சுழிக்கு மேல் உச்சி, கீழ் உச்சி, இடது ஓரம், வலது ஓரம். கடிகாரத்தில் 12, 3, 6, 9. அந்த இடங்களில் கோடு ஒரு கணம் சரியா படுக்கையாவோ செங்குத்தாவோ போகும். அதனால ஹேண்டிலும் (வளைவை இழுக்க நோடில் இருந்து நீளுற குச்சி) படுக்கை, இல்லைன்னா செங்குத்து. சாய்வா ஹேண்டில் இழுக்கவே கூடாதுன்னு ஒரு வாரம் சத்தியம் பண்ணிக்கங்க. இங்க்ஸ்கேப்பில் இழுக்கும்போது கன்ட்ரோலை அமுக்கிப் பிடிச்சா 15 டிகிரி 15 டிகிரியா தாவும், நேரா நிறுத்தலாம். இல்லஸ்ட்ரேட்டர்னா ஷிஃப்ட்.

இன்னிக்கு ராத்திரி 'ணை'யைத் தொடாதீங்க. ஃ வரைங்க. வட்டக் கருவி பக்கமே போகாம, பென் டூலில் மூணு வட்டம், ஒவ்வொண்ணுக்கும் நாலே நோடு. உயிரெழுத்து வரிசை முடிஞ்சப்புறம் வர்ற எழுத்துதான், ஆனா இங்கே அதுதான் முதல் பாடம். அது உருண்டையா வந்தா ட, ப. ரெண்டும் ஹேண்டிலே இல்லாத எழுத்து, வெறும் சொடுக்கு. 'ப'வோட வெளிக்கோட்டுக்கு மொத்தமே 8 மூலை, எண்ணிப் பாருங்க. அதுக்கப்புறம் வ, ல. நாளைக்கு ராத்திரி ண.

இலைநரம்பு | 11:50

ஃ வரைஞ்சேன் சார். நோடு நாலும் சரியான இடத்தில் வைக்க முடியுது. ஆனா ஹேண்டிலை எவ்வளவு நீளம் இழுக்கறதுன்னு தெரியலை. குறைச்சு இழுத்தா வைரக்கல் மாதிரி இருக்கு, கூட்டி இழுத்தா பழைய டிவிப் பெட்டி மாதிரி ஆகுது.

கணக்குப்பிள்ளை | செவ்வாய் காலை 6:15

வைரக்கல்லும் டிவிப் பெட்டியும், அருமை! நீங்கள் தேடுகிற எண் 0.5523. வட்டத்தின் ஆரத்தை இதனால் பெருக்கினால் ஹேண்டில் நீளம் கிடைக்கும். ஆரம் 100 மி.மீ. என்றால் ஹேண்டில் 55.2 மி.மீ. நம்பிக்கை இல்லையென்றால் வட்டக் கருவியால் ஒரு வட்டம் போட்டு, ஷிஃப்ட் கன்ட்ரோல் சி அழுத்தி அதைப் பாத் (நோடுகளால் ஆன கோடு) ஆக்கிவிட்டு நோடு டூலில் பாருங்கள். மென்பொருளும் அதே நாலு நோடு, அதே நீளத்தைத்தான் வைத்திருக்கும்.

இன்னொரு வேடிக்கை. இந்த நாலு நோடு வட்டம் உண்மையான வட்டமே இல்லை. பென் டூல் போடும் பெசியே வளைவால் வட்டத்தைத் துல்லியமாக வரைய முடியாது, நெருங்கத்தான் முடியும். ஆனால் பிழை 0.027 சதவீதம்தான். 100 மி.மீ. ஆரத்தில் ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது, எந்தக் கத்திக்கும் தெரியாது. 'நோடு குறைவாக இருந்தால் நல்லதுதானே' என்று ரெண்டே நோடில் அதே வட்டத்தை வரைந்தால் சில இடங்களில் 1.8 மி.மீ. பிதுங்கும். அது கண்ணுக்கே தெரியும். அதனால் குறைவு என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. கால் வட்டத்துக்கு ஒரு துண்டு என்பதே சரியான கணக்கு.

வட்டமில்லாத வளைவுகளுக்கு இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். ரெண்டு நோடுக்கு நடுவில் இருக்கும் வளைவுத் துண்டின் நீளத்தில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு என்று தொடங்குங்கள், பிறகு கண்ணால் திருத்துங்கள். ஒன்றை மட்டும் மீற வேண்டாம். ரெண்டு ஹேண்டிலையும் மனசுக்குள் நீட்டினால் ஓர் இடத்தில் சந்திக்கும் இல்லையா? எந்த ஹேண்டிலும் அந்தச் சந்திப்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வளைவு முறுக்கிக்கொள்ளும். உங்கள் உருளைக்கிழங்கில் பாதி அங்கேதான் விளைந்திருக்கும்.

மூணுசுழி | 7:02

கணக்குப்பிள்ளை சொன்ன அந்தச் சந்திப்பு விதியை பேப்பரில் எழுதி மானிட்டரில் ஒட்டிக்கங்க.

கோலப்பொடி | 8:20

எனக்கு இது சிக்குக் கோலம் மாதிரியே தோணுது. புள்ளி வெச்சு, அதைத் தொடாம சுத்தி வளைச்சுப் போறோம்ல. ஹேண்டில் நுனியும் அப்படித்தானே, கோடு அதைத் தொடுறதில்லை.

கணக்குப்பிள்ளை | 8:44

பாதி சரி. ஹேண்டில் நுனியைக் கோடு தொடாது, ஆனால் அதை நோக்கி இழுபடும். கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றும். இன்னொன்று, கோலத்தில் எல்லாப் புள்ளியும் ஒரே சாதி. இங்கே நோடு மேல் கோடு கட்டாயம் போயாக வேண்டும், ஹேண்டில் நுனி மேல் போகாது. இந்த ரெண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் வளைவின் உச்சியில் ஹேண்டில் நுனியை வைத்துவிட்டு, கோடு ஏன் அங்கே வரவில்லை என்று தவிக்கிறார்கள்.

கத்தி_45 | 11:10

பதினோரு வருசமா ப்ளாட்டர் ஓட்டுறேன். கத்தி ஏன் கிழிச்சதுன்னு யாரும் சொல்லலையே.

வினைல் கத்தியோட முனை நடு அச்சில் இருக்காது. கால் மில்லி போல தள்ளி இருக்கும். சைக்கிள் ரிக்‌ஷா பின்சக்கரம் மாதிரி பின்னாடியே இழுபட்டு, கோடு திரும்புற பக்கம் தானா திரும்பும். இப்ப உங்க ட்ரேஸில் அந்தக் கால் மில்லிக்குள்ளயே மூணு நோடு, ஒண்ணு வடக்கே பார்க்குது, அடுத்தது தெற்கே. கத்தி எந்தப் பக்கம்தான் திரும்பும்? அங்கேயே குத்தி நிக்கும், வினைல் சுருளும், கிழியும். ஒவ்வொரு நெருக்கத்திலும் மெஷின் வேகத்தைக் குறைச்சு குறைச்சு ஓடும், அதுதான் நீங்க பார்த்த நடுக்கம்.

கத்தி புதுசா, அழுத்தம் சரியா, ஆஃப்செட் அளவு 0.25 வெச்சிருக்கீங்களான்னும் ஒரு தடவை பாருங்க. எல்லாப் பழியையும் நோடு மேல போட்டுட்டு மொண்ணைக் கத்தியோட ஓட்டுறவங்களையும் பார்த்திருக்கேன்.

முக்கியமா ஒண்ணு. தும்பிக்கையைத் தனியா வரைஞ்சு 'ண' மேல சும்மா ஒட்டி வெச்சீங்கன்னா திரையில் ஒரே எழுத்தா தெரியும். கத்தி ரெண்டு கோட்டையும் வெட்டும், எழுத்துக்கு நடுவுல கீறல் விழும். ரெண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து யூனியன் போடுங்க. அனுப்பறதுக்கு முன்னாடி அவுட்லைன் பார்வைக்கு மாத்தி ஒரு தடவை பாருங்க. நிறமெல்லாம் போய் வெறும் கோடு மட்டும் தெரியும், அதில் தெரியறது மட்டும்தான் கத்திக்குத் தெரியும்.

போர்டு_பெயின்டர் | மதியம் 1:35

தம்பி, உன் போட்டோவைப் பார்க்காமலே ஒண்ணு கேக்குறேன். அந்த போர்டு எங்க மாட்டியிருந்தது? கேட்டுக்கு மேலயா?

இலைநரம்பு | 1:50

ஆமாண்ணே, வீட்டு வாசலுக்கு மேல. கீழ நின்னு எடுத்த போட்டோ. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

போர்டு_பெயின்டர் | 2:20

கீழேயிருந்து எடுத்தா மேல் பக்கம் குறுகும். நீ அதுமேலயே கோடு போட்டா எழுத்து முதுகைப் பின்னால சாய்ச்சு நிக்கும், ஏன்னு தெரியாம நீ நோடை நோண்டிக்கிட்டு இருப்ப. மொதல்ல போர்டோட நாலு மூலையையும் போட்டோ திருத்துற ஜிம்ப்பில் பெர்ஸ்பெக்டிவ் கருவியால இழுத்து நேர் செவ்வகமாக்கு. அப்புறம்தான் வரையணும்.

நான் எனாமல் காலத்து ஆளு. நூலில் சாக்பீஸ் பொடி தடவி, ரெண்டு பக்கம் பிடிச்சுச் சுண்டி, மேல் கோடு கீழ் கோடு போட்டுட்டுத்தான் பிரஷ்ஷைத் தொடுவோம். ஃப்ளெக்ஸ் வந்து எங்க பிழைப்பு போனப்புறம் கோரல் கத்துக்கிட்டேன். பென் டூல் எனக்கு ரெண்டு நாளில் வந்துடுச்சு. மத்த பசங்க மாசக்கணக்கா முக்குனாங்க. காரணம் ஒண்ணும் இல்ல. மூணு சுழி ண எழுதும்போது பிரஷ் எங்க நிக்கும், எங்க திரும்பும், எங்க மூச்சு விடும்னு என் மணிக்கட்டுக்குத் தெரியும். மூணுசுழி சார் சொல்ற 12, 3, 6, 9 எல்லாம் பிரஷ் திரும்புற இடம்தான். நீ மவுஸைத் தொடாத. பழைய நியூஸ்பேப்பர் மேல மார்க்கரில் அந்த ணையை அம்பது தடவை எழுது. அப்புறம் எது உச்சின்னு பென்சிலில் புள்ளி வை. அந்தப் புள்ளி எத்தனையோ அத்தனைதான் நோடு.

இன்னொரு விஷயம், கம்ப்யூட்டர் கத்துக் கொடுக்காதது. சுழியோட அடி, நேர்க்கோட்டு எழுத்தோட அடிக்குச் சமமா நிக்கக் கூடாது. அரை நூல் கீழ இறங்கணும். சமமா வெச்சா 'ப' பக்கத்தில் 'ண' எம்பிக்கிட்டு நிக்கிற மாதிரி தெரியும்.

மூணுசுழி | 2:41

அண்ணன் சொன்ன அரை நூலுக்கு எங்க தொழிலில் ஓவர்ஷூட்னு பேரு. எல்லா ஃபான்ட்டிலும் உண்டு. போட்டோ கோணல் எனக்குத் தோணவே இல்லை, கும்பிடு.

ஆட்டோபைலட் | மாலை 4:05

சரி, ட்ரேஸ் வேண்டாம்னே வெச்சுக்குவோம். ஏன் வெளிக்கோடு முழுக்க வரையணும்? நடுக்கோடு ஒண்ணு போடுங்க, ஸ்ட்ரோக் தடிமன் 20 மி.மீ. கொடுங்க, அதை வெளிக்கோடாக்க ஸ்ட்ரோக் டு பாத் அடிங்க. பாதி வேலை மிச்சம்.

மூணுசுழி | 4:30

இதில் எனக்கு முழு மறுப்பு இல்லை. ஒரே தடிமன் எழுத்துன்னா நானும் அப்படித்தான் தொடங்குவேன். வடிவம் சரியான்னு பார்க்க நடுக்கோடு நல்ல வழி. ஆனா ஸ்ட்ரோக் டு பாத் அடிச்சப்புறம் நோடு எண்ணிக்கையைப் பாருங்க. ஒண்ணுக்கு மூணா முளைச்சிருக்கும்.

கணக்குப்பிள்ளை | 4:52

அது மென்பொருளின் சோம்பல் இல்லை. ஒரு பெசியே வளைவுக்கு எல்லா இடத்திலும் ஒரே தூரம் தள்ளி இன்னொரு கோடு போட்டால், அந்தக் கோடு பொதுவாகப் பெசியே வளைவாக இருக்காது. அதே வகை வளைவால் அதைத் துல்லியமாகச் சொல்லவே முடியாது. ஆகவே மென்பொருள் துண்டு துண்டாக வெட்டி ஒப்பேற்றுகிறது. சுழி சிறுத்து, தடிமன் பெருக்கும் இடத்தில்தான் துண்டுகள் அதிகம் விழும். 'ண'வின் உட்சுழி அப்படிப்பட்ட இடம்.

போர்டு_பெயின்டர் | 5:15

அதோட, அந்தப் பழைய போர்டு பிரஷ்ஷில் எழுதினது தம்பி. ஒரே தடிமன் எங்கயும் இருக்காது. தும்பிக்கை தொடங்குற இடத்தில் மெலிசு, வளைவில் பெருசு, நுனியில் திரும்ப மெலிசு. இருபது மில்லி குழாய் வளைச்ச மாதிரி பண்ணிக் கொடுத்தா அந்த பண்ணைக்காரர் "இது எங்க தாத்தா போர்டு இல்லையே"ம்பார். ஏன் இல்லைன்னு அவருக்குச் சொல்லத் தெரியாது.

ஆட்டோபைலட் | 5:22

ஓகே அண்ணே, தோத்துட்டேன். ஆனா நடுக்கோடு போட்டு கீழே வெச்சுக்கிட்டு மேல வரையறது நல்ல ஐடியாதான், ஒத்துக்கங்க.

போர்டு_பெயின்டர் | 5:30

ஒத்துக்கிட்டேன்.

பனையோலை | இரவு 8:10

வணக்கம், நான் யாழ்ப்பாணத்தில இருந்து. இல்லஸ்ட்ரேட்டர் பாவிக்கிற ஆக்களுக்காக ஒண்டு சொல்லுறன். நோடு வைச்சு ஹேண்டிலை இழுக்கேக்க, நோடு பிழையான இடத்தில விழுந்திட்டுது எண்டு விளங்கினால் அழிச்சுப் போட்டுத் திரும்ப வைக்க வேண்டாம். மவுஸை விடாமல் ஸ்பேஸ் விசையை அமத்துங்கோ. நோடே நகரும், நல்ல இடத்தில வைச்சிட்டு ஸ்பேஸை விட்டால் திரும்ப ஹேண்டில் இழுக்கலாம். இதைத் தெரியாமல் நான் ரெண்டு வருசம் மினக்கெட்டனான்.

இந்தக் கருவி லேசில பிடிபடாது எண்டு செய்தவைக்கே தெரியும். 1987இல இல்லஸ்ட்ரேட்டர் முதல் வரேக்க பெட்டிக்குள்ள ஒரு வீடியோ கசெட்டும் வந்தது. அடோபியைத் தொடங்கின ஜான் வார்னாக்தான் அதில வந்து விளங்கப்படுத்துவார். ஆகவே இலைநரம்பு தம்பி, வெக்கப்படாதேங்கோ.

கணக்குப்பிள்ளை | 8:33

பெசியே வளைவு கார் செய்கிறவர்கள் தங்களுக்காகக் கண்டுபிடித்த கணக்கு அல்லவா, அதனால்தான் அவ்வளவு முரட்டுத்தனம். சிட்ரோயன் நிறுவனத்தில் போல் த காஸ்தெல்ஜோ 1959-இலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார். நிறுவனம் ரகசியமாகப் பூட்டி வைத்துக்கொண்டது. 1960-களில் ரெனோவில் பியர் பெசியே தனியாக அதே இடத்துக்கு வந்து வெளியில் எழுதினார், பேர் அவருக்குப் போய்விட்டது. காரின் உடம்பில் வெளிச்சம் வழுக்கி ஓட வேண்டும், இடையில் தட்டினால் வாங்குகிறவன் முகம் சுளிப்பான். தகடு வளைக்கிறவனிடம் 'கொஞ்சம் உருண்டையாக' என்று வாயால் சொல்லிப் பயனில்லை, எண்ணாகச் சொல்ல வேண்டும். நாலு புள்ளி கொடுத்தால் ஒரே ஒரு வளைவுதான் வரும் என்பது அதற்காக வந்தது.

இலைநரம்பு | புதன் இரவு 10:15

நடந்ததைச் சொல்றேன். போட்டோவை ஜிம்ப்பில் நேராக்கினேன். அண்ணன் சொன்னது நிஜம், ஒரே நிமிஷத்தில் எழுத்து நிமிர்ந்துடுச்சு. நியூஸ்பேப்பரில் அம்பது தடவை எழுதலை, இருபது. அம்மா "பள்ளிக்கூடம் திரும்பப் போறியா"ன்னு கேட்டாங்க.

ஃ நல்லா வருது. 'ப' 8 நோடு. 'ண' மூணு தடவை வரைஞ்சு அழிச்சு, நாலாவது 34. ஆனா நடுச்சுழி இன்னும் சரியில்லை. நோடு உச்சியில்தான் இருக்கு, ஹேண்டில் படுக்கையாத்தான் இருக்கு, இருந்தாலும் ஒரு பக்கம் தொங்குது.

இதுக்கு நடுவுல ஒரு புத்திசாலித்தனம் பண்ணேன். கூகுள் ஃபான்ட்ஸில் இருந்து காடமரன் எடுத்து, 'ண' தட்டி, பாத் ஆக்கி, உள்ளே நோடு எங்கெங்கே இருக்குன்னு பார்த்தேன். என் 34-ஐ விட அதில் அதிகம் இருந்துது! அப்ப நோடு கூடினா தப்பில்லையா?

மூணுசுழி | 10:40

நல்ல ஃபான்ட்டைப் பிரிச்சுப் பார்க்கிறது நல்ல பழக்கம், விடாதீங்க. ஆனா எண்ணிக்கையை அங்கே நம்பாதீங்க. நீங்க இறக்கினது ட்ரூடைப் கோப்பு. அதில் வளைவெல்லாம் இருபடி வளைவு, ஒரு துண்டுக்கு நடுவுல ஒரே ஒரு கட்டுப்பாட்டுப் புள்ளிதான். நீங்க இங்க்ஸ்கேப்பில் வரையறது முப்படி, ஒரு துண்டுக்கு ரெண்டு ஹேண்டில். முப்படியில் ஒரு துண்டில் முடியறதுக்கு இருபடியில் ரெண்டு மூணு துண்டு வேணும். ஃபான்ட்டை வெளியே அனுப்பும்போது கருவி தானா அப்படி மாத்திடும். அதை வரைஞ்சவங்க வெச்ச நோடு அத்தனை இருந்திருக்காது. உச்சிகள் எங்கே இருக்கு, உள் வளைவும் வெளி வளைவும் எப்படி ஒண்ணையொண்ணு தொடருது, அதை மட்டும் பாருங்க.

தொங்குற சுழிக்கு: உச்சிக்கு இடப்பக்க ஹேண்டிலும் வலப்பக்க ஹேண்டிலும் என்ன நீளம்?

இலைநரம்பு | 10:52

ரெண்டும் ஒரே நீளம் சார். சிமெட்ரிக் நோடு போட்டிருக்கேன், அதுதான் ஒழுங்கா இருக்கும்னு.

மூணுசுழி | 11:05

அங்கேதான் இருக்கு. அந்தச் சுழியோட இடது பாதி குறுகல், வலது பாதி அகலம். ரெண்டு பக்கமும் ஒரே நீள ஹேண்டில் வெச்சா குறுகல் பக்கம் அது அதிகம், அகலப் பக்கம் போதாது. அதனால ஒரு பக்கம் பிதுங்கி ஒரு பக்கம் தொய்யும். சிமெட்ரிக்கை மறந்துடுங்க, ஷிஃப்ட் எஸ் அடிச்சு ஸ்மூத் ஆக்குங்க. கோடு நேரா ஓடும், நீளம் மட்டும் அந்தந்தப் பக்கத்துக்குத் தக்கபடி. திசை ரெண்டு பக்கமும் ஒண்ணு, நீளம் வேற வேற.

ஏதாவது நோடு உச்சியில் இல்லாம தள்ளி விழுந்திருக்குமோன்னு சந்தேகம் வந்தா, நோடு டூலில் நோடு சேர்க்கிற பொத்தான் பக்கத்தில் ஒரு குட்டி அம்பு இருக்கும். அதை அமுக்கினா எக்ஸ் சிறுமம், எக்ஸ் பெருமம், ஒய் சிறுமம், ஒய் பெருமம்னு நாலு வழி வரும். சரியா உச்சியில் அதுவே நோடு வைக்கும். பழசை டெலீட் பண்ணிடலாம். கோரலில் இதுக்கு நேர் வழி நான் பார்த்ததில்லை, அங்கே கண்ணுதான்.

கத்தி_45 | 11:20

ரெண்டு 'ண' இருக்கே அந்த வார்த்தையில். ஒண்ணு வரைஞ்சு நகல் எடுத்து புள்ளி வெச்சா ண், தும்பிக்கை ஒட்டினா ணை. ஏன் ரெண்டு தடவை கஷ்டப்படுறீங்க.

போர்டு_பெயின்டர் | 11:26

நகல் எடு, வேண்டாங்கலை. ஆனா தும்பிக்கை ஒட்டுற ண-வோட முதல் சுழியைக் கொஞ்சம் சுருக்கு. தும்பிக்கைக்கு மூச்சு விட இடம் வேணும். பழைய போர்டில் பாரு, ரெண்டு ண-வும் ஒண்ணா இருக்காது.

கோலப்பொடி | வியாழன் காலை 7:30

தலைப்புக்கு வெளியே ஒரு கேள்வி. இந்தத் தும்பிக்கை எழுத்து எப்ப போச்சு? எங்க பாட்டி இன்னும் அப்படித்தான் கையெழுத்துப் போடுறாங்க, பேரு கண்ணம்மைங்கறதால 'மை' மாறலை, ஊர் பேரில் வர்ற 'லை' மட்டும் தும்பிக்கை.

மூணுசுழி | 7:55

1978-ல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டப்ப. பெரியார் 1930-களிலேயே தன் இதழ்களில் புது வடிவத்தைத்தான் அச்சடிச்சார். ஐகாரத்தில் மாறினது ணை, லை, ளை, னை நாலும்தான். பாட்டி 'மை'யை மாத்தாததுக்கு அதுதான் காரணம், அது எப்பவுமே இப்படித்தான்.

இலைநரம்பு | வெள்ளி மதியம் 3:20

கொடுத்தாச்சு!

கடைசிக் கணக்கு: ப 8, ண் 34, மேல புள்ளிக்கு 4, ணை 44. மொத்தம் 90. முந்தி ஒத்தை எழுத்துக்கே 312. கத்தி ஒரு இடத்தில்கூட நிக்கலை, ஒரே ஓட்டம். உள்சுழி எல்லாம் நகத்தால தூக்கினதும் பொட்டு மாதிரி தனியா வந்துச்சு. யூனியன் போட மறந்துட்டு அவுட்லைனில் பார்த்துப் பிடிச்சேன், கத்தி அண்ணே, நன்றி.

பண்ணைக்காரர் கொஞ்ச நேரம் பேசாம பார்த்தார். அப்புறம் "தும்பிக்கை நுனி தாத்தா போர்டில் இன்னும் கொஞ்சம் உள்ள சுருண்டிருக்கும்"னார். போட்டோவை எடுத்துப் பார்த்தா நிஜம்தான். அந்த இடத்தில் பெயின்ட் உரிஞ்சிருந்ததால நான் சுருளை விட்டுட்டேன். ரெண்டு நோடைத் தள்ளி வெச்சு திரும்ப வெட்டிக் கொடுத்தேன்.

இப்ப அதையே அவர் வேன் பக்கவாட்டில் ஆறடிக்குக் கேக்குறார். பெருசாக்கிப் பார்த்தா, ரெண்டடியில் தெரியாத ஒரு மேடு இப்ப தெரியுது. கடைசிச் சுழி முடிஞ்சு நேர்க்கோடா கீழே இறங்குதே, அந்த இடம். நோடு ஸ்மூத்தான், ஹேண்டிலும் நேர்தான். ஆனா கைவிரல் முட்டி மாதிரி லேசா புடைக்குது.

கணக்குப்பிள்ளை | 3:58

வந்துவிட்டீர்களா அந்த இடத்துக்கு! திசை ஒன்றாக இருந்தாலும் வளைவின் அளவு சட்டென்று பூஜ்யத்துக்கு விழுகிறது. வட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த கோடு திடீரென்று நேராகிறது. திசையில் உடைப்பு இல்லை, வளைவில் உடைப்பு. ரெனோக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டதும் இதற்காகத்தான்.

மூணுசுழி | 4:10

நேர்க்கோடு தொடங்குற நோடைக் கொஞ்சம் கீழே இறக்குங்க, வளைவுப் பக்கத்து ஹேண்டிலை நீட்டுங்க. வளைவு மெதுவா நேராகணும், பிரேக் போட்ட மாதிரி இல்லாம. எவ்வளவு இறக்கறதுன்னு எண் கிடையாது. படத்தை அனுப்புங்க.

போர்டு_பெயின்டர் | 4:25

படம் வேண்டாம். பிரின்ட் எடுத்து சுவத்தில் ஒட்டு, பத்தடி தள்ளி நின்னு கண்ணைச் சுருக்கிப் பாரு. மேடு எங்க தொடங்குதோ அங்க பென்சிலால ஒரு கோடு கிழி. நோடை அந்தக் கோட்டுக்கு அரை நூல் கீழ வை.

இலைநரம்பு | 6:40

ஒட்டிட்டேன்ணே. கோடு கிழிச்சாச்சு. நான் நோடு வெச்சிருந்த இடத்துக்கு ரெண்டு விரற்கடை கீழே இருக்கு.